எலி சொன்னதில் பாதி

எங்கள் வீட்டில் குடம்புளி அடுப்புக்கு மேலே, புகை படுகிற பரணில், ஓலைப்பெட்டிக்குள் கிடக்கும். காய்ந்து கறுத்துப் பழைய செருப்புத் தோல்போல இருக்கும். விளவங்கோடு பக்கம் முன்பு திருவிதாங்கூரோடு இருந்தது. 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் மீன்சட்டியின் புளி மாறவில்லை. சாளைக்கு மூன்று சுளை, அயலைக்கு நான்கு. ஐந்தாவது விழுந்துவிட்டால் அப்பா ஒரு வாய் தின்றுவிட்டுச் சட்டியை நகர்த்தி வைப்பார். அம்மா ஒன்றும் பேசாமல் தேங்காய்ப்பால் பிழிவாள். அந்தப் புளிக்கு எங்களிடம் இருந்த வேலை இவ்வளவுதான்: புளிப்பது, குழம்பு மறுநாளும் கெடாமல் பார்த்துக்கொள்வது.

நாற்பத்தொரு வயதில் அதையே வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் விலைக்கு வாங்கினேன். அறுபது கேப்ஸ்யூல். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு ஒன்று, நாளைக்கு இரண்டு. கார்சீனியா கம்போஜியா என்று அச்சிட்டிருந்ததால் அது குடம்புளி என்றே இரண்டு வாரம் எனக்குத் தெரியாது.

ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தக வெளியீட்டில் எடுத்த படத்தை அமைப்பாளர் அனுப்பியிருந்தார். என் கவிதைகளில் பெண் தன் உடலைக் கூச்சமில்லாமல் பேசுகிறாள் என்று ஒருவர் உருகி உரையாற்றிக்கொண்டிருந்தபோது எடுத்த படம். மேடையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தேன். கண்ணில் பட்டது தாடைக்குக் கீழே தொங்கியதும் ரவிக்கைக்குக் கீழே மடிந்ததும்தான். அன்றிரவே பணம் கட்டினேன். முதுகலை வகுப்பில் உடலரசியல் பற்றிப் பேசிய நாட்களிலும் அந்த டப்பா கைப்பையில் இருந்தது. கணவருக்குச் சொல்லவில்லை. தோழிகளுக்கும் சொல்லவில்லை, அதுதான் கூடுதல் வெட்கம்.

மூன்றரை மாதம் சாப்பிட்டேன். இரண்டு கிலோ குறைந்தது. இரவுச் சோற்றை விட்டதால்கூட இருக்கலாம். வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. 142 என்று வந்தது. நாற்பதைச் சுற்றி இருக்க வேண்டிய எண் அது. "நாட்டு மருந்து, லேகியம், பவுடர்னு ஏதாவது எடுக்கிறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். "இல்லை" என்றேன். பொய் சொல்கிறோம் என்ற உறுத்தல்கூட அந்த நேரத்தில் இல்லை. நான் எடுத்தது மருந்து இல்லையே, புளிதானே! வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்றே நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் எண் இறங்கிவிட்டது. ஈரல் கெட எத்தனையோ காரணங்கள் உண்டு. புளிதான் செய்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

டப்பாவின் பின்புறத்தில் ஒரு வரி இருந்தது: ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது. இருபது வருடமாகச் செயப்பாட்டு வினை நடத்துகிறவள் நான். அந்த வரியில் எழுவாய் எங்கே போயிற்று, யார் உடம்பில் இது நிரூபிக்கப்பட்டது என்று எனக்கே கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையில் ஒரு தோழி இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது இளையவள். மாணவர்கள் முன்னால் என்னை மேடம் என்பாள், தனியே இருந்தால் அக்கா. அவளிடம்தான் டப்பாவைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நிரூபிச்சதெல்லாம் எலிதான்க்கா" என்றாள். ஒரு வாரம் கழித்து ஒரு கட்டு ஆய்வுக் கட்டுரைகளை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். அந்த விடுமுறையில் அகராதியையும் அவளையும் வைத்துக்கொண்டு படித்தேன்.

கதை மைசூரில் தொடங்குகிறது. 1965-இல் அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஒய்.எஸ். லூயிஸ், எஸ். நீலகண்டன் இருவரும் குடம்புளியின் முதன்மை அமிலம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று எழுதினார்கள். அவர்கள் புளியைப் பார்த்தார்கள், இடுப்பை அல்ல. 1969-இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் இந்த அமிலம், உடல் மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும் பாதையிலுள்ள ஒரு நொதியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். 1970-களில் ஹாஃப்மன் லா ரோஷ் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன, கொழுப்பு குறைந்தது. பிறகு 1994-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. மூலிகைச் சத்து மாத்திரைகள் உணவின் கணக்கில் சேர்ந்தன. அவற்றை விற்பதற்கு முன் பலன் உண்டா என்று அரசிடம் நிரூபிக்கத் தேவையில்லை என்றாயிற்று.

மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்ததும் உண்டு. 1998-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்த ஆய்வு அது. நியூயார்க்கில் 135 பேர், 12 வாரம். ஒரு பாதிப் பேருக்கு நாளைக்கு 1500 மில்லிகிராம் இந்த அமிலம், மறுபாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. இரு தரப்புக்கும் ஒரே பத்தியச் சாப்பாடு. புளி தின்றவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தார்கள். வெற்று மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ. கணக்குப்படி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த வருடம் நான் கல்லூரி மாணவி. என் உடம்பைப் பற்றிய கேள்விக்கு அப்போதே ஒரு பதில் வந்துவிட்டிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து நான் காசு கொடுத்து அதே கேள்வியை வாங்கியிருக்கிறேன்.

என்னை அலைக்கழித்தது வேறொரு கட்டுரை. 2013-இல் தென்கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது கறுப்புச் சுண்டெலிகள். மொத்த ஆற்றலில் 45 சதவீதம் கொழுப்பிலிருந்து கிடைக்கும்படியான தீனி. இப்படிப்பட்ட தீனி பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு சேர்த்துச் செய்வது. கடையில் ஆயத்தமாகவே கிடைக்கிறது, வில்லை வில்லையாக, வகை மாறிவிடாமல் இருக்கச் சிவப்பு, நீலச் சாயம் போட்டு. ஒரு கூட்டத்துக்கு வெறும் கொழுப்புத் தீனி, இன்னொரு கூட்டத்துக்கு அதே தீனியில் நூற்றுக்கு ஒரு பங்கு குடம்புளிச் சாறு. பதினாறு வாரம். என் கணக்கில் மூன்றரை மாதம் சொச்சம். நானும் அவைகளும் ஏறக்குறைய ஒரே காலம் தின்றிருக்கிறோம்.

விளைவு என்ன? வயிற்றுக்குள் கொழுப்பு குறைந்தது. கொழுப்பு செல்கள் சிறுத்தன. சர்க்கரையை உடல் கையாளும் திறன் மேம்பட்டது. அதே எலிகளின் ஈரலில் நார்த்திசு கூடியது, அழற்சியின் அடையாளங்கள் கூடின, ரத்தத்தில் ஈரல் நொதிகள் ஏறின. அவற்றுள் ஒன்று, என் பரிசோதனைத் தாளில் எஸ்.ஜி.பி.டி. என்று இருந்த அதேதான். ஈரலில் படிந்திருந்த கொழுப்போ அப்படியே இருந்தது. கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டையும் சொல்லியிருந்தார்கள்: உடல் கொழுப்பு தணிகிறது, ஈரல் மோசமாகிறது. ஒளிக்கவே இல்லை.

அந்தச் சுண்டெலி இரண்டு சொன்னது. என் டப்பாவுக்கு வந்து சேர்ந்தது ஒன்று.

இங்கே ஒரு நியாயம் பார்க்க வேண்டும். எலிக்குக் கொடுத்த அளவு, அதன் உடல் எடைக்கு, நான் விழுங்கியதைவிடப் பல மடங்கு. எலியின் ஈரல் என் ஈரல் இல்லை. எலிக்கு நேர்ந்தது எனக்கும் நேரும் என்று யாரும் சொல்ல முடியாது, தோழியும் சொல்லவில்லை. பின்னர் அமெரிக்காவில் மருந்துகளால் வரும் ஈரல் பாதிப்புகளைத் தொகுத்துவரும் வலையமைப்பு, 2004 முதல் 2018 வரை பதிவான 1418 பேரில் 22 பேருக்குக் குடம்புளி சேர்ந்த மாத்திரைகள் காரணம் என்று கணித்தது. பெரும்பாலானவர்கள் பச்சைத் தேயிலைச் சாறும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்கள். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றும் தெரிகிறது. ஆக, பயப்படவும் ஓர் அளவு வேண்டும். ஆனால் எலி வேறு, மனுஷி வேறு என்றால் ஈரலுக்கு மட்டும் வேறு, கொழுப்புக்கு மட்டும் ஒன்று என்று எப்படிச் சொல்வது? இளைத்த பாதியை என் பக்கம் எடுத்துக்கொண்டு, புண்ணான பாதியை எலியின் பக்கம் விட்டுவிடுவதை எந்தத் தர்க்கத்தில் சேர்ப்பது?

உயிர்களைச் சோதனைக்கு எடுப்பதே பாவம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அம்மா இருபது வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். இன்சுலின் 1921-இல் டொரோண்டோவில் நாய்களின் உடம்பு வழியாகத்தான் வந்தது. அந்த நாய்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அதை மறுத்துவிட்டு அம்மாவுக்கு ஊசி போட முடியாது. மறுபக்கம், மனிதத் தேவை என்று சொல்லிவிட்டால் எதையும் அறுக்கலாம் என்றும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்தியாவில் 2014-இல் அழகுசாதனப் பொருட்களை விலங்குகள்மீது சோதிப்பதற்குத் தடை வந்தது. உதட்டுச் சாயத்துக்காக ஒரு முயலின் கண்ணைக் கெடுப்பது தகாது என்று ஒரு நாடாக ஒத்துக்கொண்டிருக்கிறோம். இளைக்கும் மாத்திரை எந்தப் பக்கம்? டப்பாவின் படத்தில் இருந்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். தொப்புள் தெரிய நின்று, பெரிதாய்ப் போன கால்சட்டையின் இடுப்பை முன்னால் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அது சர்க்கரை நோயாளியின் படம் இல்லை. ஆரோக்கியம் என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் அந்த இடுப்பைத்தான். உடற்பருமனால் மூட்டும் இதயமும் நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வலி பொய்யில்லை. அந்த வலியை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் என்னைப் போன்றவர்களின் வெட்கத்தை விற்கிறார்கள்.

நாள்கணக்கில் யோசித்து நான் வந்துசேர்ந்த இடம் சின்னது. ஓர் உயிரை எடுத்து ஒரு கேள்வி கேட்டால், அது சொல்லும் பதிலைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம், முழுப் பதிலையும். மருந்துக்கு அந்தக் கடமை ஓரளவு சட்டத்தில் இருக்கிறது. எலியின் ஈரல் கெட்டால் அந்த மருந்து மனிதனிடம் போகுமுன் ஒருவர் நிறுத்தி விசாரிக்க வேண்டும். இந்த மாத்திரைகளுக்கு அது இல்லை. அவை எலியைக் கேட்காமலே கடைக்கு வந்தன. கேட்ட பிறகும் கடையிலேயே இருந்தன. 2013-இல் செத்த சுண்டெலிகள் எந்த வாசலிலும் காவல் நிற்கவில்லை. கொன்றது ஒரு பிழை என்றால், கொன்று கேட்டுவிட்டுக் காதில் வாங்காமல் போனது அதைவிடப் பெரிய பிழை என்று எனக்குப் படுகிறது. அந்த ஆய்வாளர்களை நான் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் எழுதி வைத்தார்கள். காதில் வாங்காதவர்கள் வேறு, அதில் நானும் ஒருத்தி.

பெண்ணும் சோதனை எலியும் ஒன்று என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி ஒரு கவிதைகூட ஆரம்பித்தேன், கிழித்துப் போட்டேன். எலி அட்டையைத் தேய்த்துப் பணம் கட்டவில்லை. கூண்டில் அந்தத் தீனியைத் தவிர வேறு தீனி இல்லை. என் மேசையில் கீரையும் இருந்தது, கண்ணாடியைத் திருப்பிவைக்கும் உரிமையும் இருந்தது. என் வெட்கம் என் ஒருத்தியின் தயாரிப்பு இல்லை என்பது உண்மை. அதற்காக எலியின் இடத்தில் போய் நான் உட்கார்ந்துகொண்டால், உண்மையான எலி இன்னொரு தடவை காணாமல் போகும்.

இன்னொன்றும் தெரியவந்தது. இந்தச் சோதனைகளில் பெரும்பாலும் ஆண் எலிகளைத்தான் எடுக்கிறார்கள். பெண் சுண்டெலி கொழுப்புத் தீனியில் அவ்வளவு சுலபமாகக் கொழுப்பதில்லை, அதன் ஹார்மோன் தடுக்கிறது. கருப்பையை ஒட்டிய சினையகத்தை எடுத்துவிட்டால் அதுவும் ஆணைப்போலக் கொழுக்கும். அதாவது மாதவிடாய் நிற்கப் போகிற என்னைப் போன்றவளுக்குப் பதில் வேண்டுமென்றால் கேட்க வேண்டியது அப்படிப்பட்ட பெண் எலியை. கேட்பது குறைவு. கொழுப்பு குறைந்ததா என்று பார்க்க வழக்கமாக வெட்டி எடுத்து நிறுப்பது, ஆண் எலியின் விரையை ஒட்டிய கொழுப்புத் திட்டை. அந்த இடமே என்னிடம் இல்லை! 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பருத்த ஆண் எலிகளுக்கு அதிக அளவில் குடம்புளி கொடுத்தபோது விரைகள் சூம்பிப்போயின. அது ஒரு முக்கியமான எச்சரிக்கையாக விவாதிக்கப்பட்டது, சரிதான். மாத்திரையின் விளம்பரப் படத்திலோ நிற்பவள் பெண்.

இத்தனைக்கும் அந்தக் கறுப்புச் சுண்டெலி வம்சம் ஒரு பெண்ணின் தொழுவத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரான்பி என்ற ஊரில் அபி லாத்ராப் என்றொருத்தி இருந்தாள். பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு, கோழி வளர்த்துப் பார்த்துச் சரிவராமல், அழகுக்காக வளர்க்கும் சுண்டெலிகளை வளர்த்து விற்றவள். ஆய்வகங்கள் அவளிடம் வாங்க ஆரம்பித்தன. சில எலிகளின் தோலில் கட்டிகள் வருவதைக் கவனித்து, குறிப்பெடுத்து, லியோ லோப் என்ற மருத்துவ ஆய்வாளரோடு சேர்ந்து கட்டுரைகள் வெளியிட்டாள். சினையகத்தை எடுத்தால் மார்புக் கட்டி குறைகிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. 1918-இல் இறந்தாள். 1921-இல் கிளாரன்ஸ் லிட்டில் அவளுடைய எலிகளில் 57-ஆம் எண் பெண் எலியிலிருந்து ஒரு வம்சத்தை உண்டாக்கினார். உலகமெங்கும் கொழுப்புத் தீனி தின்னும் கறுப்புச் சுண்டெலிகளின் பெயரில் அந்த 57 இன்னும் இருக்கிறது. தோழிக்கே இது தெரியாது. "நாங்க பேரை மட்டும்தான்க்கா எழுதுவோம்" என்றாள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் வகுப்பில் வெறியாட்டு நடத்த வேண்டியிருந்தது. அகப்பாடல்களில் தலைவி மெலிவாள், வளை கழலும். இளைத்த பெண்ணைப் பார்த்து அந்த உலகம் கைதட்டவில்லை, தாய் பதறினாள். வேலனை அழைத்தாள். அவன் முருகு என்றான், களம் இழைத்து மறியறுத்தான். மகளின் மெலிவுக்குக் காரணம் மலைநாட்டான் ஒருவன் என்பது தோழிக்குத் தெரியும், தலைவிக்கும் தெரியும். ஆட்டுக்குட்டியின் ரத்தத்துக்கும் அந்த நோய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குறுந்தொகையில் தோழி வேலனையே மடக்கிக் கேட்பாள். பல வருடமாக அந்த இடத்தில் தோழியின் சாமர்த்தியத்தைத்தான் நடத்தியிருக்கிறேன். இந்த முறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, "அப்ப அந்த ஆட்டுக்குட்டி சும்மா செத்துச்சா மேடம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உரையாசிரியர்கள் யாரும் அந்தக் கேள்விக்குக் குறிப்பு எழுதவில்லை. நானும் பாடத்தை முடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதைத் தோழியிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என் பிஎச்டியே அதுதானேக்கா" என்றாள்.

எனக்குத் தெரியும் என்றாலும் தெரியாததுபோலத்தான் இருந்திருக்கிறேன். ஒரு மூலிகை இலை, கொழுப்புத் தீனி கொடுத்த வெள்ளெலிகள். நம் பல்கலைக்கழகங்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய தலைப்புதான். பன்றிக்கொழுப்புக்கு நம் ஆய்வகங்களில் வழி இருக்காது. மூன்று பங்கு வனஸ்பதி, ஒரு பங்கு தேங்காயெண்ணெய் கலந்து, நுனி உருண்டையான ஊசியால் நேராக இரைப்பைக்குள் விடுவார்கள். காலை ஏழு மணிக்கு விடுதியிலிருந்து ஓடிப்போய்க் கொடுத்திருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளிலும். எலி கையில் பிடிபடும்போது முதலில் மூத்திரம் போகும், அந்த வாடை மாமியார் வீட்டுக்குப் போன பிறகும் விரல்களில் இருந்ததாம். ஆறு கூட்டம், கூட்டத்துக்கு ஆறு. முப்பத்தாறு.

"என்ன வந்தது?"

"எடை குறைஞ்சது. கொலஸ்ட்ரால் குறைஞ்சது. அதுதான் தலைப்பு."

"ஈரல்?"

ஸ்லைடு போட்டு வைத்திருக்கிறாள். ஒரு கூட்டத்தின் ஈரல் அவளுக்குச் சரியாகப் படவில்லை. வழிகாட்டி, அது நம் தலைப்பில் இல்லை, வேறொரு பிள்ளைக்குத் தனித் தலைப்பாகக் கொடுத்துக்கொள்ளலாம் என்றாராம். அந்தப் பிள்ளை வரவேயில்லை. ஆய்வேட்டின் ஒரு படி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, இன்னொன்று அவள் வீட்டு அலமாரியில். ஸ்லைடு பெட்டி துறையில் அவள் மேசையின் கீழ் இழுப்பறையில் பத்து வருடமாகக் கிடக்கிறது. இடம் மாறும்போதெல்லாம் தூக்கிப் போட நினைத்து, போடாமல் வைத்திருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறாள். நுண்ணோக்கிக்குப் பல்பு மாற்ற வேண்டுமாம்.